எச்சரிக்கை யாருக்கு?

'கவனமாக இரு' என்பது பிறந்ததிலிருந்து பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலின் முதுகிலும் அதுவே அச்சிடப்பட்டிருக்கிறது: கையுறை அணியவும், காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும், வேறெதனுடனும் கலக்க வேண்டாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில். எழுதியதோடு எழுதியவரின் பொறுப்பு முடிந்தது. படிப்பது நம் பாடு.

கலக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நுரையீரலின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகி உள்ளே அரிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும்; குந்தியிருந்து தேய்ப்பவளின் முகமும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் கழிப்பறை கழுவும் அக்காவிடம், ஏன் இரண்டையும் கலக்கிறீர்கள் என்று கேட்டேன். "கறை போகலைன்னா என்னையத்தானே மேடம் கேப்பாங்க?" என்றார். அவருடைய இருமலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொண்டை எரிவது அவருக்குத் தெரியும். கறை தங்கினால் வேலை போகலாம் என்பதும் தெரியும். எது முதலில் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கலக்கிறார்.

போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான வேலைகளில் உள்ள ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமையாயிற்று. கேட்டறிவது தொழிலாளியின் உரிமையாயிற்று. ஆனால் வீட்டுக் குளியலறையும் கல்லூரிக் கழிப்பறையும் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைகள் அல்ல.

ஆபத்தை அறிந்தவர் அதைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடுமா? முடியாது என்றே நினைக்கிறேன். ஜன்னலில்லாத அறையைக் கட்டிவிட்டுக் காற்றோட்டம் பற்றிப் போதிப்பது அறமாகாது. கையுறை வாங்கித் தராதவருக்கு அதை அணியச் சொல்லும் தகுதி இல்லை. தரை வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும், மருந்து நெடி அடித்தால்தான் சுத்தம் என்று எதிர்பார்க்கும் எல்லோருக்கும் அந்த வாயுவில் பங்குண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து, கழுவிவிட நிறையத் தண்ணீர், திறந்த கதவு, கையில் உறை. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: போகாத கறையை அப்படியே விட்டுவிட்டு, வேலையை இழக்காமல் வீடு திரும்பும் உரிமை.