வனத்து அந்தோணியாரும் ஓவியர் தீட்டிய பேய்களும்

பேய் அழகாக வந்தாலன்றோ சோதனை? கொம்பும் கோரைப்பல்லுமாக வருவதைக் கண்டு எவன் மயங்குவான்? மேனாட்டுச் சமய ஓவியங்களில் வனத்து அந்தோணியாரின் சோதனையைக் காணுந்தோறும் இவ்வினா எம் உள்ளத்தில் எழுகின்றது.

அந்தோணியார் எகிப்துப் பாலைவனத்தில் தவங்கிடந்து, கி.பி. 356-ல் மறைந்த துறவி. பேய்கள் அவரை வானில் தூக்கி அலைக்கழிக்கும் காட்சியை, மைக்கேல் ஆஞ்சலோ தம் இளமையில், ஷோன்கௌவர் என்னும் ஜெர்மானியரின் செதுக்குப்படத்தைப் பார்த்துத் தீட்டினார். பேயின் செதிள்களைப் பிழையின்றி எழுத வேண்டி மீன் கடைக்கே சென்று மீன்களை உற்று நோக்கினாராம். உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கே நாம் காண்பது வதையேயன்றி மயக்கமன்று. 'சோதனை' என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், தமிழராகிய நாம் இவ்வேற்றுமையை எளிதில் மறந்து விடுகிறோம்.

மயக்கத்தையே தீட்ட முயன்றவரும் உளர். 15ஆம் நூற்றாண்டுச் சியெனா நகர ஓவியர் ஒருவர், துறவியின் முன் ஓர் இளநங்கையை நிறுத்தினார். நிறுத்தியவர் அவள் முதுகில் வௌவாற் சிறகுகளையும் ஒட்டிவிட்டார்! ஆணின் நெஞ்சில் எழும் ஆசைக்குப் பெண்ணுருவும் பேய்ச்சிறகும் பூட்டி வெளியே நிறுத்துவது எவ்வகை நீதியோ, யாம் அறியோம்.

அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் முதலிற் கூறும் சோதனைகளோ வேறு. துறந்த சொத்தின் நினைவு, உறவின் பாசம், தங்கையைப் பற்றிய கவலை. பெற்றோர் இறந்தபின் அச்சிறுமி அண்ணனின் பொறுப்பில் இருந்தவள். நிலத்தை ஊராருக்கு ஈந்து, அவளைக் கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டே அவர் துறவு பூண்டார். "அவள் என்ன ஆனாளோ" என்ற எண்ணத்திற்குக் கொம்பு வரைய முடியுமோ? அஃது அறத்தின் முகத்தோடன்றோ வருகின்றது! அத்தனாசியார் அதனைப் பேயின் தூண்டுதல் என்றார். அவ்வாறு தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. துறவியைக் காட்டிலும் அச்சிறுமியின் பக்கமே எம் நெஞ்சு சாய்கிறது.

இவ்வளவு கூறியும், பேய்களையே நிறைத்து எழுதிய ஒரு படத்தின் முன் எம் வாதம் தளர்கின்றது. கிரூனவால்ட் 1512 முதல் 1516 வரையில் ஈசன்ஹைம் மடத்திற்காகத் தீட்டிய பீடப்படம் அது. இன்று கோல்மார் நகரில் உள்ளது. அம்மடத்தார் நோயாளிகளைப் பேணியவர்கள். பூஞ்சணம் பற்றிய ரை என்னும் தானியத்தை உண்டதால் கைகால்கள் எரிந்து அழுகும் கொடு நோயை அக்காலத்தார் 'அந்தோணியார் நெருப்பு' என்றழைத்தனர். படத்தில் பேய்கள் முதியவரின் மயிரைப் பற்றி இழுக்கின்றன. இடது மூலையில் வீங்கிய வயிறும் புண்ணுமாக ஓர் உருவம் கிடக்கின்றது. அது நோயாளியோ பேயோ என்று துணிய முடியவில்லை. வலது மூலையில் ஒரு துண்டுத்தாள். புண்களை ஆற்ற வராமல் எங்கிருந்தீர் என்று துறவி இயேசுவைக் கேட்கும் கேள்வி அதில் எழுதப்பட்டுள்ளது.

பேய்கள் கடிப்பது உடலை. கைவிடப்பட்டோம் என்ற எண்ணமே அங்குள்ள சோதனை. அதற்கு ஓவியர் உருவம் கொடுக்கவில்லை, எழுத்தையே கொடுத்தார். அம்மடத்தில் அழுகிய காலோடு கிடந்தவனுக்கு அக்கேள்வியை எவரும் படித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை. படத்தின் உச்சியில், ஒளியினிடையே, கடவுளின் உருவமும் உண்டு; மிகச் சிறியது.