இரவல் சுவரில் எழுதியவர்கள்

2023 ஜூலை 20 அன்று இணைய உரையாடல் தளமான ரெடிட்டை நடத்தும் நிறுவனம் தன் பயனர்கள் முன் ஒரு வெற்றுப் பலகையைத் திறந்துவைத்தது. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு சின்னஞ்சிறு கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம். அடுத்த கட்டத்தைத் தொடச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். தனியாளாக அதில் எதையும் வரைந்துவிட முடியாது. வைத்த புள்ளியை யாராவது வந்து மாற்றிவிடுவார்கள். ஆயிரம் பேர் கூடிப் பேசி, ஆளுக்கொரு புள்ளியாக வைத்துக் காவலும் இருந்தால்தான் ஒரு கொடியோ முகமோ நிலைக்கும். 2017இல் இது முதன்முறை நடந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். 2022இல் அது ஒரு கோடியைத் தாண்டியது.

மூன்றாம் முறை வந்தவர்களில் பலர் கோபத்தோடு வந்தார்கள். 'ஸ்பெஸ்' என்பது நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மன் அந்தத் தளத்தில் வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயரைச் சேர்த்து எழுதிய வசை பலகையெங்கும் முளைத்தது. ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் பெரிய எழுத்தில் அவரைத் திட்டி எழுதினார்கள். தலைவெட்டும் கில்லட்டின் ஒன்றும் வரையப்பட்டது. ஆறாம் நாள் பலகை மூடப்படும் கடைசி நேரத்திலும் அதே வசைதான் பேருருவாக நின்றது.

அந்த வசையை எடுத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பின்னால் இருந்த கோபம் நியாயமானது என்பதால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ரெடிட்டில் வெளியார் உருவாக்கிய பல செயலிகள் இயங்கிவந்தன. அவை தளத்தின் தகவலைப் பெற, 2023 ஜூலை முதல் ஆயிரம் தகவல் கோரிக்கைக்கு 0.24 டாலர் கட்ட வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. கேட்பதற்குச் சில்லறைக் காசு போலத் தெரியும். அப்போலோ என்ற செயலியைத் தனியொருவராக வளர்த்த கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் வந்தது. ஜூன் 30 அன்று அவர் செயலியை மூடினார். பார்வையற்ற பயனர்களுக்கு இன்னும் பெரிய கவலை. திரையைப் படித்துக் காட்டும் வசதி நிறுவனத்தின் சொந்தச் செயலியில் சரியாக இல்லாததால் அவர்கள் வெளியார் செயலிகளையே நம்பியிருந்தார்கள். அவர்கள் குரல் எழுப்பிய பிறகே வணிக நோக்கமற்ற சில செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

இந்தக் கட்டணத்தை எதிர்த்து, ஜூன் 12 முதல் தளத்தின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல் குழுக்கள் கதவடைப்பு நடத்தின. அந்தக் குழுக்களை நடத்துபவர்கள் மட்டுறுத்துநர்கள், சம்பளம் கிடையாது. ஆபாசத்தை நீக்குவது, சண்டையை அடக்குவது, புதிதாக வந்தவருக்கு வழிகாட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்கள். இந்தச் சலசலப்பும் கடந்து போகும் என்ற பொருளில் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதினார். கதவைத் திறக்க மறுத்தால் வேறு ஆள் போடுவோம் என்று நிறுவனம் எச்சரித்தது. சில குழுக்களில் அப்படியே செய்தது. அந்தக் கோபம் ஆறும் முன்பே ஓவியப் பலகை திறக்கப்பட்டது.

பலகைக்குப் போகலாமா கூடாதா என்பதுதான் எதிர்ப்பாளர்களுக்குச் சிக்கல். போகாவிட்டால் கண்டனம் யார் கண்ணிலும் படாது. போனால் அன்றைய வருகைக் கணக்கில் தாங்களும் ஓர் எண்ணாகச் சேர்வார்கள். விளம்பரதாரருக்குக் காட்டப்படும் அந்தக் கணக்கில் வசை பாடியவர், வாழ்த்தியவர் என்ற பிரிவு இல்லை. பலகை நிறுவனத்தினுடையது, வண்ணமும் அவர்களுடையது, காத்திருக்க வைக்கும் கடிகாரமும் அவர்களுடையது. என்றாலும் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய வேறு இடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

கட்டணம் குறையவில்லை. 2024 பிப்ரவரியில், பயனர்கள் எழுதியவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தரும் ஒப்பந்தம் கூகுளுடன் செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு ஆறு கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. மார்ச்சில் ரெடிட்டின் பங்கு ஒன்று 34 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மட்டுறுத்துநர்களில் சிலருக்கும் அந்த வாய்ப்பு அளிக்கப்பட்டது: விரும்பினால் அதே விலைக்குத் தாங்களும் பங்கு வாங்கிக்கொள்ளலாம். உழைத்ததற்கென்று ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை.

பங்களித்தவர்களை மதிக்கும் வேறொரு வழக்கமும் உண்டு. மதுரைக்கு வடக்கே, கிடாரிப்பட்டிப் பக்கமாக அழகர்மலையில் ஏறினால் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் அங்கே பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் கொடை தந்தவர்களின் பெயர்கள். மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், ஏர்க்கொழு விற்றவர் ஒருவர். அரசர்கள் அல்லர். சந்தையில் காசு எண்ணியவர்கள். பலர் சேர்ந்து ஓர் இடத்தை உண்டாக்கினால், உண்டாக்கியவர் இன்னார் என்று அந்த இடத்திலேயே பதிந்துவைக்க வேண்டும் என்ற நேர்மை அன்று இந்த மண்ணில் இருந்திருக்கிறது. ரெடிட் பயனர்கள் காசு கேட்டுப் போராடவில்லை. தாங்கள் உண்டாக்கிய இடத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது தங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். பலகையில் புள்ளி புள்ளியாக அவர்கள் வைத்த உரிமைக் கோரிக்கையை நிறுவனம் ஒரு விளையாட்டாகவே முடித்துவைத்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு கூட்டுச் சித்திரப் போராட்டம் நடந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகர் தெருக்களில் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. அடுத்த நாளே அந்தக் கோலம் ஊரெங்கும் அவரவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. தி.மு.க.வின் ஸ்டாலின், கனிமொழி வீட்டு வாசல்களிலும் போட்டார்கள். அரசியலில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் இதைக் கவனிக்கலாம்: தெருவில் தடுத்ததும் போய் எழுத அவர்களுக்குச் சொந்தமாக ஒரு வாசல் இருந்தது. இணையத்தில் நமக்கு அந்த வாசல் இல்லை. அங்கே நாம் எல்லோரும் குடியிருப்பவர்கள், வாடகைச் சீட்டுகூட இல்லாமல்.

ஆனால் சொந்த வாசல் கட்டிய தமிழர்களும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் ஊரின் பெயரைத் தாங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் மின்னூலின் முன்பக்கத்தில் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நன்றியோடு பெயர் இருக்கும். கோப்புகள் அவர்கள் கையிலேயே இருந்ததால், எழுத்துருக் குறிமுறை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது நூல்களும் கூடவே மாறின. எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

இன்று நம் பக்கத்து ஊர்களில் கண்மாய் வரலாற்றையும், நடுகல் படங்களையும், பாட்டிமார் சொன்ன வழக்குகளையும் திரட்டுபவர்கள் அவற்றை முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் போடுகிறார்கள். நல்ல உழைப்பு. ஆனால் அந்த இடம் நிரந்தரமில்லை. சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. அவற்றில் எழுதியவர்களில் பிரதி எடுத்துவைக்காதவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. திரட்டுபவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பிரதியைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை விக்கிப்பீடியா, 'நூலகம்' என்ற மின்னூலகம் போன்ற பொது இடங்களில் சேர்க்க வேண்டும். தளம் எதுவானாலும் அதில் போட்டதை முழுதாக எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் தன் மக்களுக்கு அத்தகைய உரிமையைத் தந்திருக்கிறது. இந்தியாவின் 2019 மசோதாவிலும் அது இருந்தது. ரெடிட் பலகை மூடிய அடுத்த மாதம், 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.