எவரை விட்டு வந்தோம்?

ஒரு சபையின் பெருமையை அதில் கூடியோர் தொகையைக் கொண்டே நாம் அளந்து பழகிவிட்டோம். எவர் வரவில்லை, ஏன் வரவில்லை என வினவுவோர் சிலரே. அறத்தை நாடுவோர் முதலில் வினவவேண்டியது அதுவேயாம்.

அடுகோடியை அடுத்து ஓசூர்ச் சாலையில் நிமான்ஸ் மருத்துவ நிலையம் உள்ளது. மூளைவாதம், ஆட்டிசம், வலிப்பு முதலியன உடைய குழந்தைகளைத் தோளிற் சுமந்து பெற்றோர் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கு வருகின்றனர். மருத்துவமனை வாயிலிற் காணும் அத்தாயை மணப்பந்தலிலோ அறவுரைக் கூட்டத்திலோ காண்பது அரிது. படிக்கட்டு ஒரு தடை. அதனினும் பெரிய தடை, "முற்பிறப்பில் என்ன பாவம் செய்தார்களோ!" என்னும் சொல்.

இச்சொல் பகவரின் அறத்திற்கு உடன்பாடன்று. மோளிய சீவகர் என்னும் துறவி, மனிதர் நுகர்வன யாவும் முன்வினைப் பயன்தாமோ என வினவியபோது, பித்தம், சிலேட்டுமம், வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பேணுகை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவர் கூறியதாகச் சம்யுத்த நிகாயம் உரைக்கின்றது. வினை எட்டில் ஒன்றே. பிறக்கும்போது நேரும் மூச்சுத்திணறலும் கடும் மஞ்சட்காமாலையும் மூளையைத் தாக்கக்கூடும் என்பதை இன்று மருத்துவரும் அறிவர். வினையே காரணமென ஒருவர் கொண்டாலும், அக்குழந்தையை நாம் விலக்கும் செயல் நம்முடைய வினையாகுமன்றோ?

"குழந்தை கூச்சலிட்டால் பலருடைய அமைதி கெடுமே" என்பர் சிலர். இதற்குச் சூளபந்தகர் வரலாறு விடை தரும். நான்கு திங்களில் ஒரு செய்யுளையும் மனனம் செய்யமாட்டாத அவரை, சீவக மருத்துவர் அளித்த விருந்துக்குரிய பிக்குகளின் கணக்கில் அவர் தமையனாரே சேர்க்கவில்லை. பகவரோ தம் பாத்திரத்தைக் கையால் மூடி, விகாரையில் எஞ்சியவரை அழைத்துவரச் செய்தார். அன்று காலையே சூளபந்தகர் அருகத நிலை எய்தினார் எனக் கதை கூறும். எனினும் எய்தியவர்க்கே அழைப்பு என நாம் கொள்ளலாகாது. நம் இல்லங்களிலுள்ள குழந்தைகள் எதையும் மெய்ப்பித்துக் காட்டவேண்டியதில்லை. ஒரு குழந்தையின் குரலாற் கலையும் அமைதி, இன்னும் பயிற்சி வேண்டும் அமைதியே.

செய்யத்தக்கன அரியனவல்ல. பெங்களூரில் பெற்றோர் சிலர் தொடங்கிய கிலிகிலி என்னும் அமைப்பு, மாநகராட்சியுடன் கூடிக் கோல்ஸ் பூங்கா முதலிய இடங்களில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாட வழிசெய்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக்கட்டடங்களில் தடையற்ற வழியை உரிமையாக்கியுள்ளது. படியருகே ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்தளம் அமைக்கலாம். ஒலிபெருக்கியைத் தணிக்கலாம். வாயிலருகே சில இருக்கைகளையும், குழந்தை சற்று ஒதுங்கியிருக்க ஓர் அறையையும் ஒதுக்கலாம். நிகழ்ச்சி முறையை முன்னரே பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். குழந்தை எழுந்து நடந்தால், திரும்பிப் பாராமல் இருக்கலாம்.

இவை யாவும் கருணையென்று நாம் பெருமை கொள்ளுதற்குரியனவல்ல, கூடியிருப்போர் கடமையாம். ஆதலின் அன்பர்களே, அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்கு முன்னர், நம் தெருவில் வெளிவராத ஒரு குடும்பத்தை நாடிச் சென்று, அவர்கள் வருதற்கு என்ன வேண்டுமென அவர்களையே கேட்போமாக.