எது வேண்டாத பொருள்?

பாடசாலை ஆண்டு பிறக்கும் தறுவாயில் வீட்டைத் துப்புரவாக்கி, வேண்டாதவற்றைக் கழித்து, பிள்ளை அமர்ந்து படிப்பதற்கு ஓரிடத்தை ஒழுங்குசெய்தல் நல்ல வழக்கமே. அதை மறுப்பார் எவருமிலர். ஆயின், ஒரு பொருளை 'வேண்டாதது' என்று தீர்ப்பவர் யார், எவருடைய தேவையை அளவுகோலாகக் கொண்டு அவ்வாறு தீர்க்கின்றார் என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. வீட்டு வேலையைப் பற்றிய சிறிய விடயம்போல் தோன்றும் இதனுள் ஓர் அறப் பிரச்சினை அடங்கியிருக்கின்றது.

குறைந்த பொருள்களோடு வாழுங்கள் என்னும் உபதேசம் இன்று வசதி படைத்தோர் மத்தியில் பெருமதிப்புப் பெற்றுள்ளது. எறிந்ததை நாளை மீண்டும் வாங்கலாம் என்ற உறுதி உடையவனுக்கு எறிதல் எளிது. வள்ளுவர் துறவை ஓர் அதிகாரமாகவும் நல்குரவை வேறோர் அதிகாரமாகவும் வகுத்துவைத்தார்; இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் நம் காலத்து உபதேசிகளே. மலையகத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிட்டுக் கட்டப்பட்ட லயக் காம்பராவில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே கழிப்பதற்கு என்ன இருக்கின்றது? உண்பதும் உறங்குவதும் விருந்தினரை இருத்துவதும் அந்த ஓரிடத்திலேயே நிகழும்போது, பிள்ளைக்கு இடமில்லாமைக்குக் காரணம் பொருள்களின் மிகுதியன்று; சுவர்களின் நெருக்கமே. எத்துணைச் சிறந்த ஒழுங்கும் அச்சுவர்களை ஓர் அங்குலமேனும் நகர்த்திவிடாது.

வடக்கில் நிலைமை வேறு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தனர். கையிலே கொண்டுபோக முடிந்தது மட்டுமே மிஞ்சியது. அவ்விரவைக் கண்ட ஒரு மூதாட்டி, இன்று பிஸ்கற் தகரங்களையும் வெறும் போத்தல்களையும் மடித்த பொலித்தீன் பைகளையும் கட்டிலின் கீழும் மேசையின் மேலும் அடுக்கிவைப்பாளாயின், அதை அறியாமை என்று நகைப்பது நியாயமாகாது. அவள் சேமிப்பது தகரத்தை அன்று. மீண்டும் ஒன்றுமில்லாமற் போய்விடலாம் என்னும் அச்சத்திற்கு அவள் செய்துகொண்ட பரிகாரம் அது. எனினும் அம்மேசை வீட்டிலுள்ள ஒரே மேசையாயின், பேரப்பிள்ளை நிலத்திற் குப்புறப் படுத்தே எழுதவேண்டியிருக்கின்றது. இங்கு இரண்டு நியாயங்கள் எதிர்நிற்கின்றன. எமது தீர்ப்பு பிள்ளையின் பக்கமே. மேசை பிள்ளைக்குரியது. ஆனால் கிழவி கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அவளுடைய பொருள்களைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவது, அவள் ஒருமுறை இழந்ததை இரண்டாம் முறையும் பறிப்பதாகும். அலுமாரியில் ஒரு தட்டை அவளுக்கென ஒதுக்கி, எது இருக்கட்டும், எது போகட்டும் என்பதை அவளையே தெரிவுசெய்ய விடுதல் வேண்டும். சிறிது காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

மத்தியதர வர்க்கத்து வீட்டு முன்மண்டபம் இத்தகைய பரிவுக்கு உரியதன்று. அங்கே கண்ணாடி அலுமாரியினுள் எவரும் தேநீர் அருந்தாத கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. மாதத்தில் இருமுறை வரும் விருந்தினருக்காக மின்விசிறியும் நல்ல விளக்கும் அவ்விடத்தை அலங்கரிக்க, நாள்தோறும் படிக்கும் பிள்ளை குசினிக்குப் பக்கத்து மூலையில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கின்றது. அயலான் கண்ணுக்காகவே வீடு ஒழுங்குசெய்யப்படுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனிக் கடதாசி. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டன. எனவே பாடநூல்களால் வீடு நிறைந்துவிடவில்லை. வீட்டை நிறைப்பவை தனியார் கல்வி நிலையங்களின் அச்சுக் குறிப்புகளும், புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களும், மாதிரி வினாத்தாள்களும், அவற்றின் நிழற்பிரதிகளுமே. பத்து வயதுப் பிள்ளையின் தலைமாட்டில் இக்குவியல் உயர்ந்துகொண்டே போகின்றது. ஆண்டிறுதியில் அதைக் கட்டிப் பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடலாம். தை பிறந்ததும் புதிய குவியல் எழும். போட்டி நீங்காதவரை குவியலும் நீங்காது. இடையில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம்: பாதி எழுதிய கொப்பிகளின் வெற்றுத் தாள்கள். அவற்றைப் பிரித்தெடுத்து நூலாற் கட்டினால் கணக்குச் செய்துபார்க்க ஒரு கொப்பியாகும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதைக் கண்டவர்களுக்கு, வெற்றுத் தாளின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

பெருந்துப்புரவு நடக்கும் நாட்களில் விளக்குமாறு எவர் கையில் இருக்கின்றது என்பதையும் நோக்குக. தாய்க்கு அடுத்து மகளின் கையிலேயே. தம்பிக்குப் படிப்பதற்கு இடம் செய்வதற்காகத் தன் படிப்பு நேரத்தை இழக்கும் தமக்கை எத்தனை வீடுகளில்!

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஓர் அலுவல் உண்டு. வீட்டுவேலை செய்யாது வந்த மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், 'நீ வீட்டில் எங்கே இருந்து எழுதுகிறாய்?' என்று தனியே அழைத்துக் கேட்கலாம். விடை சிலவேளை நம்மை மௌனமாக்கும். பாடசாலை விட்டபின் மாலை ஐந்து மணிவரை ஒரு வகுப்பறையைத் திறந்துவைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. விளக்கொன்று, திறப்பொன்று, முறைவைத்து இருப்பதற்கு ஆசிரியர் நால்வர். தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு இவ்வேற்பாடு பயன்படாது. அவர்களுக்கு என்ன செய்வதென்பதைப் பெற்றோரையும் கூட்டிவைத்தே பேசவேண்டும்.