பொய் எழுதவில்லை, போதுமா?

வெள்ளிக்கிழமைதோறும் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் ஆடுகள் வந்து குவிகின்றன. தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கிவிட்டால், இத்தனை இலட்சத்துக்கு விற்பனை என்று நாளேடுகளின் வேலூர்ப் பதிப்புகளில் செய்தி வருகிறது. எண்ணும் மெய், எழுத்தும் மெய். இதிலே குறை காண இயலுமா?

காணத்தான் வேண்டும், தோழர்களே! ஆட்டின் கதை சந்தையோடு முடிவதில்லை. இறைச்சி உலைக்குப் போகிறது. தோல் உப்புத் தடவப்பட்டு மண்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இராணிப்பேட்டைக்கும் பதனிடப் போகிறது. தோலோடு போன உப்பு எங்கே போயிற்று? பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கேளுங்கள், கரிக்கின்ற நீரால் விடை சொல்லும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானது என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்றும் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், அதே பாலாற்றுக்காக, மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் உருண்டோடியவை 28 ஆண்டுகள்!

விலையை எழுதியவன் விளைவை எழுதாவிட்டால் பொய்யனா? அல்லன், அவன் சொன்னதெல்லாம் உண்மைதானே என்பர் சிலர். நஞ்சேறிய கிணறு என அறிந்த ஒருவன், நீர் இறைக்க வந்த வழிப்போக்கனிடம், “கயிறு உறுதியானது ஐயா” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறான். கயிறு உறுதியானதுதான். அவனை உண்மையாளன் என்று ஏற்பீரா?

ஆயினும், பழியை ஊர் நிருபரின் தலையில் ஏற்றிவிட்டு நாம் நழுவிவிடலாகாது. செய்திக்கு இத்தனை என்று சிறு தொகை பெறுபவர் பலர். விளம்பரம் சேர்த்துத் தரும் சுமையும் அவர்கள் தோளில். விளம்பரம் கேட்கும் வாயிற்படியும், கழிவுநீர் பற்றிக் கேட்கவேண்டிய வாயிற்படியும் ஒன்றாகவே இருந்துவிட்டால், எந்தக் கேள்வியை அவர் விழுங்குவார்? ஆலை மூடினால் அடுப்பு அணையுமே என்று அஞ்சும் தொழிலாளியும் அவரை எழுதாதே என்கிறான். அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் 2015 ஜனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து மாண்ட பத்துப் பேரும், அடுப்பெரியப் பிழைக்க வந்தவர்களே. பெரும்பாலோர் மேற்கு வங்கத்தார். மறுநாள் அது கொட்டை எழுத்துச் செய்தி. முதல் நாள் அந்தச் சுவர் செய்தியாகாதா?

ஏட்டுக்கு நாம் தரும் காசு தாளுக்கும் மைக்கும் காணாது. மிச்சத்தை விளம்பரக்காரர் தருகிறார். தருபவர் மௌனத்தையும் சேர்த்து வாங்குகிறார். 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசர் ஏடு தொடங்கியபோது, விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றார். அதைத் தாங்கி நின்றவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளரும் உண்டு. 1914-இல் அவர் மறைந்தார்; நின்றுபோன ஏட்டை 1926-இல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். சுரங்கத்தில் உழைத்தவன் காசு கொடுத்துக் காத்த ஏடு அது. நாமோ தேநீர்க் கடையில் இரவல் ஏடு புரட்டிக்கொண்டே, பத்திரிகை விலைபோயிற்று என்று பேசுகிறோம்!

ஒடுகத்தூர் இளைஞர்கள் ஒன்று செய்யலாம். சந்தைத் திடலருகே ஒரு கரும்பலகை. ஒருபுறம் அந்த வெள்ளியின் ஆட்டு விலை. மறுபுறம் பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றின் உப்பளவு, சோதித்த நாளுடன். அடியிலே எழுதியவர் பெயர். அந்தப் பெயரை எழுதத்தான் சுண்ணக்கட்டி ஏந்திய கை சற்றே நடுங்கும்.