ஆவியும் ஆன்மாவும்

‘சமயங்கள் யாவும் கூறுவது ஒன்றே’ என்று மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். நல்லெண்ணத்தில் பிறந்த கூற்றே அது. எனினும் அது மெய்தானா என ஆராய்தல் அறிவுடையோர் கடமையாகும். உயிரைப் பற்றியும் மறைநூலைப் பற்றியும் கிறித்தவமும் இந்து சமயமும் கொண்டுள்ள கருத்துகளை இங்கே ஒப்பு நோக்குவோம்.

சொல்லளவில் இரண்டும் நெருங்கியே நிற்கின்றன. விவிலியத்தின் எபிரேயச் சொல்லாகிய ‘ரூவாஹ்’, கிரேக்கச் சொல்லாகிய ‘நியூமா’ ஆகியன காற்று, மூச்சு, ஆவி என்னும் பொருள்களைத் தருவன. வடமொழியின் ‘ஆத்மா’வும் மூச்சு என்னும் பொருளிலிருந்தே தோன்றியதென மொழியறிஞர் பலர் கருதுவர்.

பொருளளவிலோ இடைவெளி பெரிது. கிறித்தவக் கொள்கைப்படி மனித உயிர் இறைவனால் படைக்கப்பட்டது, அதற்குத் தொடக்கம் உண்டு, பிறவி ஒன்றே, இறுதியில் உடலோடு உயிர்த்தெழுதலும் உண்டு. தூய ஆவியோ படைக்கப்பட்டதன்று, இறைவனே அது. உபநிடதங்களும் கீதையும் ஆன்மாவைப் பிறப்பிறப்பு அற்றதென்பன. அது பிரமமே என்றார் சங்கரர். பிரமத்துக்கு உடலாய் நிற்பது என்றார் இராமாநுசர். முற்றிலும் வேறு என்றார் மத்துவர்.

நூலைப் பற்றிய நோக்கும் அவ்வாறே. தூய ஆவியின் ஏவுதலால் மனிதர் எழுதியது விவிலியம் என்பர் கிறித்தவர். செய்தியே உயிர் என்பதால், அதனை எம்மொழியிலும் பெயர்க்கலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715இல் அதன் அச்சுப்பணி நிறைவுற்றது. வேதத்துக்கோ ஆசிரியரே இல்லை என்பர் மீமாஞ்சகர். இறைவனே ஆசிரியன் என்பர் நியாய நூலார். அங்கே ஒலியும் பொருளளவு போற்றப்படுவதால், ஓசை பிறழாது ஓதுதலே தலைமுறைகளின் காவலாயிற்று. ஆயினும் திருவாய்மொழியைத் தமிழ் வேதமெனப் போற்றும் வைணவ மரபும் உண்டு.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி, ‘ஆத்துமா’ என்னும் சொல்லையே தம் சமயத்துக்கும் எடுத்துக்கொண்டார். ஆனால் அச்சொல்லைக் கேட்கும் தமிழர் உள்ளத்தில் மறுபிறவியும் உடன் எழும். ஆகவே ‘ஆத்தும நிருணயம்’ என்னும் நூலில் மறுபிறப்பை மறுத்து வாதிட்டார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் சொல்லைப் பொதுவாக்கிய அவர், கருத்து வேற்றுமையை மறைக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

அயலார் சொல்லுக்கு நம் பொருளை ஏற்றி, ‘நீங்களும் இதையே சொல்கிறீர்கள்’ என்பது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அவர் சொல்ல வந்ததைக் கேளாமல் விடுதலே அது. இகழ்ச்சி ஒருவகைப் பிழை; இல்லாத ஒற்றுமையைப் புகழ்தல் மற்றொரு வகைப் பிழை. ‘இச்சொல்லால் தாங்கள் எதனைக் கருதுகிறீர்கள்?’ என்று அண்டை வீட்டாரை அன்போடு வினவி, விடையைப் பொறுமையோடு கேட்போம். வேற்றுமையை அறிந்த பின்னும் நிலைக்கும் நட்பே மெய்யான நல்லிணக்கமாகும்.