எந்த ஊர் மணி?

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து உசிலம்பட்டியில் எங்கள் வீட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கும் ஆள் மாறிவிடுவது வழக்கமாக இருந்தது. நியூயார்க்கில் காலை 10 மணிக்கென்று குறித்த வீடியோ மீட்டிங் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை நமக்கு இரவு 7.30 மணி. குளிர்காலத்தில் அதுவே 8.30. ஏழரைக்கு உட்கார்ந்தால் எட்டேகாலுக்கு எழுந்துவிடலாம். சோறூட்டி, கதை சொல்லி, பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். எட்டரைக்கு உட்கார்ந்தால் பாதிப் பேச்சில் அத்தை கதவோரம் வந்து, "ஏத்தா, புள்ள தூங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு வந்தால் எல்லாம் பழையபடி ஆகும்.

இந்த மாற்றத்தை யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. அலுவலக மெயிலோடு சேர்ந்திருக்கும் காலண்டரே கட்டத்தை நகர்த்தி வைத்துவிடுகிறது. வாராவாரம் வருகிற ஒரு கூட்டத்தைப் பதியும்போது அந்தக் காலண்டர் மணியை மட்டும் குறித்துக்கொள்வதில்லை, அது எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. பெரும்பாலும் அழைப்பவருடைய ஊர்தான் அது. அவர் ஊர்க் கடிகாரம் நகர்ந்தால் கூட்டமும் அதனோடு நகரும், மற்றவர்கள் வீட்டில் அடுப்பும் பாயும் அதன் பின்னால் நகரும். அதே கூட்டத்தை இந்திய மணியில் பதிந்திருந்தால் நவம்பரில் நம் ஏழரை ஏழரையாகவே நின்றிருக்கும், அவர்களுக்குக் காலை 9 மணி ஆகியிருக்கும். அவுட்லுக்கில் ஊர் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் நம் வரியில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று இருக்கும். ஆங்கில அகரவரிசையின் புண்ணியத்தில் சென்னை முதலில். அந்த வரியைத் தேர்ந்தெடுக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனாலும் அங்கே ஒரு தீர்மானம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. யாருடைய நாளை மையமாக வைத்து மற்றவர்கள் வளைய வேண்டும் என்ற தீர்மானம் அது.

நாமெல்லோரும் ஏற்கெனவே வேறொரு ஊர் மணியில்தான் வாழ்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். உசிலம்பட்டி 78 பாகைக்கும் சற்று மேற்கே இருக்கிறது. ஆகவே சராசரியாகப் பார்த்தால் கடிகாரம் 12 அடித்துச் சுமார் 19 நிமிடம் கழித்துத்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வருகிறது. 1906இல் இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வுக்கூடம் கணித்த நேரம் அது. கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் சொந்த மணியை விடமாட்டோம் என்று பல பத்தாண்டுகள் நின்றன. உசிலம்பட்டியை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. ஒரு நாடு ஒரே மணியில் ஓட வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த 19 நிமிடத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. தீர்க்கரேகையை நிலத்தின் நடுவில் தேர்ந்தெடுத்தார்கள், பாரத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டன. காலண்டர் அழைப்பில் அப்படி நடுவென்று ஒன்று கிடையாது. பதிகிறவர் இருக்கும் இடமே நடு.

எங்கள் பக்கம் காதுகுத்து வைப்பதென்றால் தேதி எப்படிக் குறிப்பார்கள் தெரியுமா? மண்டபம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் தாய்மாமனைக் கேட்பார்கள். பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும், சீர் கொண்டுவர வேண்டியவரும் அவர்தான். அறுவடை முடிந்து கையில் காசு புரள்கிற மாதம் எது, அவர் வீட்டில் வேறு விசேஷம் உண்டா, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு, பிறகுதான் பஞ்சாங்கம். பத்திரிகை அடிப்பது அதற்கும் பிறகு. அதிகம் சுமக்கப் போகிறவரிடம் முதலில் கேட்பது என்ற ஒழுங்கு அது. நல்லது கெட்டது இரண்டும் நிறைந்த எங்கள் ஊர் வழக்கங்களில் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மெயில் காலண்டரில் வரிசை தலைகீழாக இருக்கிறது. எட்டுப் பேர் பெயரை அடித்தால் எட்டுப் பேருடைய நாளும் பக்கத்தில் பக்கத்தில் பட்டைகளாக விரியும். நிறம் தீட்டியிருக்கிற இடத்தில் வேலை, வெள்ளையாக இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. எட்டுப் பட்டையும் வெள்ளையாக இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்து அழுத்திவிட்டால் தீர்ந்தது. அழைப்பு மெயிலாகப் போகும். பெரும்பாலான காலண்டர்களில் பதில் சொல்லாவிட்டாலும் கட்டம் வந்து உட்கார்ந்துவிடும். வருகிறேன், வரலாம், வரமாட்டேன் என்று மூன்று பதில் இருக்கிறது. ஆனால் மேலாளர் அனுப்பிய அழைப்புக்கு மூன்றாவது பதிலை அழுத்துவது புதிதாகச் சேர்ந்த பையனால் முடிகிற காரியமா? எட்டுப் பேரின் ஒரு மணி நேரம் என்பது ஒருவரின் முழு வேலைநாள். அதைச் செலவழிக்க அழைப்பவருக்கு ஒரு பைசா ஆவதில்லை என்பதால் அது செலவாகவே தெரிவதில்லை.

அந்த வெள்ளைக் கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் வருகிற நேரம். குழாயில் தண்ணீர் வருகிற முறை. மல்லிகை போட்டிருக்கும் வீடுகளில் விடிவதற்கு முன் மொட்டு பறித்துச் சந்தைக்கு அனுப்புகிற வேலை. மாமனாரைச் சர்க்கரை மாத்திரைக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போகிற நாள். இவை எதுவும் அலுவலக வேலை இல்லை, ஆகவே காலண்டரில் எழுதுவதில்லை. எழுதாததால் அவை இல்லை என்று ஆகிவிடுகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களின் நாளில்தான் இந்த வெள்ளை அதிகம் என்பதைக் கவனித்திருக்கிறேன். "நீங்க வீட்லதானக்கா இருக்கீங்க" என்று ஒரு தம்பி கேட்டான், நல்ல மனதோடுதான் கேட்டான். வீட்டில் இருப்பதுதான் விஷயமே, தம்பி.

மாசியில் மகா சிவராத்திரிக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு எங்கெங்கோ பிழைக்கப் போன சனங்களெல்லாம் வண்டி கட்டி வந்து சேரும். மாசிப் பச்சை என்று அந்தத் திருவிழாவின் பெயரைச் சொன்னால் இந்தப் பகுதியில் விளக்கம் வேண்டாம். தீபாவளிக்கு வராதவன்கூட அன்றைக்கு வருவான். ஆனால் மகா சிவராத்திரி தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. சென்னையில் இருப்பவர் காலண்டரில் அது வெறும் வேலைநாள். கம்பெனி காலண்டரில் பண்டிகைகளை ஏற்றுவது தலைமை அலுவலகம், அதற்குத் தெரிந்த பண்டிகைகள்தான் ஏறும். நான் ஆண்டுத் தொடக்கத்திலேயே இந்த இரண்டு நாளையும் பெரிய எழுத்தில் பதிந்துவிடுகிறேன். என் குழுவில் ராமநாதபுரத்துக்காரர், நாகர்கோவில்காரர் எல்லோரையும் அவரவர் ஊர்த் திருவிழாவைப் பதியச் சொல்லியிருக்கிறேன். சந்தனக்கூடு, கொடைவிழா, மாதாகோயில் தேர் என்று எங்கள் குழுவின் காலண்டர் இப்போது பார்க்கவே அழகாக இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேருந்துதான்; இந்த வழியாக ஓடிய போடி ரயிலை அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தியிருந்தார்கள், தேனி வரை மறுபடி ஓடியது 2022 மே மாதம்தான். மதுரைக்கு 40 கிலோமீட்டர். ஒரு கூட்டத்துக்குப் போவதென்றால் போகவர நாளில் பாதி போய்விடும் என்ற காலத்தில், கூட்டம் போடுகிறவர் யோசித்தார். அறை வேண்டும், ஆள் வர வேண்டும், காப்பி வாங்கித் தர வேண்டும். அந்தச் சிரமம் ஒரு வேலி மாதிரி நின்று எல்லோருடைய பொழுதையும் காத்து வந்தது. வீடியோ வந்து வேலியை எடுத்துவிட்டது. அது எடுத்ததால்தான் நான் என் ஊரில் இருந்துகொண்டு சம்பாதிக்கிறேன், அதை மறக்கமாட்டேன். மெயிலும் காலண்டரும் மீட்டிங் மென்பொருளும் தானே செய்து விற்கும் ஜோஹோ நிறுவனம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நடத்துகிறது. வேலை கிராமத்துக்கு வரும் என்பது இனி வெறும் பேச்சில்லை. வந்த வேலைக்குள் கிராமத்தின் நேரமும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

முடிவுத் தேதி இல்லாத கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு கம்பெனியின் காலண்டரிலிருந்து இன்னொரு கம்பெனியின் காலண்டருக்கு அழைப்பு போய்ச் சேர்கிறதென்றால் அதற்குக் காரணம் ஐகேலண்டர் என்ற பொதுவிதி. 1998இல் வந்தது, 2009இல் திருத்தி ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணில் வெளியிட்டார்கள். வாராவாரம் என்று குறித்துவிட்டு, இந்தத் தேதி வரை என்றோ இத்தனை முறை என்றோ சொல்லாவிட்டால் அந்தக் கூட்டம் என்றென்றைக்கும் திரும்பி வரும் என்பது அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. என்றென்றைக்கும்! கோயில் கல்வெட்டில் சூரிய சந்திரர் உள்ளவரை என்று வெட்டுவார்கள். அங்கே விளக்கெரிக்க நிலமும் எழுதிவைத்தார்கள். இங்கே ஒரு திட்டம் தொடங்கும்போது அவசரத்தில் போட்ட செவ்வாய்க்கிழமைக் கூட்டம், திட்டம் முடிந்தும், தொடங்கியவர் வேலை மாறிப் போயும், வந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர்கள் வருகிறார்கள், "புதுசா ஒண்ணும் இல்ல" என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள், போகிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நிறுத்துவது யார் பொறுப்பு என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நான் போடும் எந்தக் கூட்டத்துக்கும் மூன்று மாதத்துக்கு மேல் ஆயுள் கொடுப்பதில்லை. தேவை இருந்தால் மறுபடி கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்கும்போது பல கூட்டங்களுக்குத் தேவை இல்லாமல் போனதைப் பார்க்கிறேன், அந்த நேரங்களில் என் குழுவில் இருக்கும் பிள்ளைகள் நல்ல வேலை செய்து தருகிறார்கள்.

நியூயார்க்கில் அந்த 10 மணிக் கூட்டத்தைப் பதிகிறவரிடமும் பேசினேன். சொல்லும் வரை, நவம்பரில் எங்கள் நேரம் நகர்வது அவருக்குத் தெரியாது. நம் நாட்டில் கடிகாரம் நகர்வதில்லை என்பதே அவருக்குப் புதுச் செய்தி. "உங்களுக்கு எது சௌகரியம்?" என்று கேட்டார். கூட்டத்தை இந்திய மணியில் பதிந்தோம். குளிர்காலத்தில் இப்போது அவர்தான் ஒரு மணி முன்னதாக வருகிறார், அடுத்த குளிர்காலத்தில் எங்கள் முறை என்று பேசியிருக்கிறோம். இவ்வளவு எளிதாக முடிந்ததே என்று மகிழ்ச்சிதான். ஆனால் நான் கேட்க முடிந்ததற்குக் காரணம் எனக்கு இந்த வேலையில் கொஞ்சம் வயதும் இடமும் இருப்பது. புதுசாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கமாட்டாள். ஆகவே கேட்கச் சொல்வது போதாது, கூட்டம் குறிக்கிறவர் முந்திக்கொண்டு கேட்க வேண்டும். தாய்மாமன் வாய் திறக்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லையே.

இதில் இன்னொருவர் இருக்கிறார், காலண்டரே இல்லாதவர். மாமனாரின் சான்றிதழ் ஒன்றுக்காக ஒரு அரசு அலுவலகத்தில் காத்திருந்தபோது வராந்தா பெஞ்சில் பக்கத்தில் எழுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார்கள். பட்டா விஷயம். காலையிலேயே வந்தவர்கள். "ஐயா விசியில இருக்காரு" என்று உதவியாளர் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே இருந்த அதிகாரியும் சும்மா இல்லை, மேலே இருப்பவர்கள் குறித்த விசியில், அதாவது வீடியோ கூட்டத்தில், கேட்கிற கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே குறித்தவர் பார்த்தபோது அந்த நேரம் வெள்ளையாக இருந்திருக்கும். பெரியம்மாவுக்கு மெயில் முகவரி கிடையாது. அவர்கள் நேரம் எந்தப் பட்டையிலும் தெரியாது. அன்றைய கூலியும் போக்குவரத்துச் செலவும் போயின.

தமிழ்நாட்டின் ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவோடு யாரும் போகலாம், முன்பதிவு வேண்டாம், அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலண்டர் இல்லாதவர்களுக்காக அரசு தன் நேரத்தில் ஒதுக்கி வைத்த இடம் அது. அதே முறை கீழே கோட்டத்துக்கும் வட்டத்துக்கும் வர வேண்டும், வாரத்தில் ஒரு காலைப் பொழுதாவது. சுவரில் போர்டு எழுதி மாட்டினால் மட்டும் போதாது. அந்த நேரத்தை அதிகாரியின் மெயில் காலண்டரிலேயே, வேறு யாரும் மேலே பதிய முடியாதபடி நிறைத்து வைக்க வேண்டும். சென்னையிலிருந்து விசி குறிக்கிறவர் திறந்து பார்க்கும்போது அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்று தெரிய வேண்டும், பெரியம்மாவின் பெயர் அதில் இல்லாவிட்டாலும்.